டின் பட்டாணியும் ஐஸ் பட்டாணியும்

1

எஸ்தர், டேவிட், தங்கம், மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். எஸ்தர் சத்தமாக வாசிக்கட்டும். டேவிட் பாதியில் எழுந்து ஓடக்கூடாது. தங்கத்துக்கு விளங்காத இடத்தை அம்மாவின் அக்கா, உங்கள் பெரியம்மை, சொல்லிக்கொடுக்கட்டும். நான் மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் எஸ்தர் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தில் பிழை இராது. தெரிந்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

உங்கள் அம்மா செல்லபாய் இந்த ஏடன் துறைமுகத்தில் கண்ணை மூடி இன்றோடு மூன்று வருஷம் ஆகிறது. சாயங்காலம் வீட்டில் ஜெபம் வைத்தேன். நீங்கள் இருந்த அதே இரண்டு அறை வீடுதான். மதுரைக்காரக் கணக்கப்பிள்ளை வந்தார். தாசன் மாமா வந்தார். இன்னும் இரண்டு மலையாளத்துக்காரர்கள் வந்தார்கள். பாட்டுப் பாடினோம். எல்லாம் ஆண் குரல். பிடித்துப் பாட ஒரு பெண் குரல் இல்லாததால் பாட்டு பாதியில் இறங்கி இறங்கிப் போயிற்று.

தாசன் மாமாவை உங்களுக்குத் தெரியும். கப்பல் ஏஜண்டு பங்களாவில் சமையல். சொந்த இடம் மண்டைக்காட்டுக்குப் பக்கம். லீவில் ஊருக்கு வந்தபோது நெய்யூரில் உங்களையும் பெரியம்மையையும் பார்த்துவிட்டு, வடசேரியில் பஸ் ஏறி, பம்பாயில் கப்பல் பிடித்து, இந்த வாரம்தான் திரும்பி வந்தார். ஜெபம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவர் மட்டும் போகவில்லை. பாயைச் சுருட்டாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஓய், பிள்ளையள பாத்தேன். டேவிட்டு உம்மப்போல வளந்திற்றான். வாய் மட்டும் அவன் அம்மைக்க வாய். நிக்கல்ல."

"தங்கம்?"

"அது என்னையப் பாத்து, நீங்கதானா எங்க அப்பாண்ணு கேட்டுது. நான் இல்லேண்ணேன். நான் கொண்டுபோன முட்டாயிக்கு, ஆமாண்ணு சொல்லியிருந்தாலும் சம்மதிச்சிருக்கும்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு நான் மூத்தவள் எஸ்தரைப் பற்றிக் கேட்டேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மூத்தவ கறி தொடுகதில்ல ஓய். கீரை வச்சாலும் தொடாது, அவரைக்கா வச்சாலும் தொடாது. காய் வெந்த வெள்ளத்த மட்டும் வடிச்சு எடுத்து தம்பிக்கும் தங்கச்சிக்கும் குடிக்கக் குடுக்குது. குடிக்கல்லேண்ணா அடி. டேவிட்டு எங்கிட்ட சொல்லுகான், மாமா, இவ எங்கள மாட்டுக்குத் தண்ணி காட்டுகதுபோல காட்டுகாண்ணு."

"எதுக்காம்?"

"பள்ளிக்கூடத்துல சுகாதாரப் பாடம் எடுத்த டீச்சர் சொன்னாளாம், காய்க்க சத்து வெந்த வெள்ளத்துல எறங்கும், டின்னுல வாற காய்க்கும் அப்படித்தாண்ணு. அண்ணையிலேருந்து இந்தக் கோலம். பெரியம்மைட்ட ஒருநாளு அழுதிருக்கா. ஏடன்ல அம்மை கெடையில கெடந்தப்ப டின்னு பட்டாணி வெள்ளம் கேட்டா, நான் குடுக்காம மண்ணுல கொட்டினேன், அம்மைக்க உயிரு அதுலதான் இருந்துதுண்ணு."

எஸ்தர், இந்த இடத்தை உன்னால் சத்தமாக வாசிக்க முடியாவிட்டால் டேவிட்டிடம் கொடு. ஆனால் எழுந்து போய்விடாதே. நீ கேட்காத கேள்விக்குத்தான் இது பதில். முழுவதும் கேட்க வேண்டும்.

2

முதலில் டின் என்றால் என்ன, ஐஸில் வைத்த காய் என்றால் என்ன என்று சொல்கிறேன். நான் நாள் முழுவதும் அவற்றோடுதான் இருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் கிட்டங்கி. காலையில் திறவுகோல் வாங்கிக் கதவைத் திறந்தால் ஒரு பக்கம் டின்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். பட்டாணி, பீன்ஸ், முட்டைக்கோஸ், காரட்டு. மறு பக்கம் தடித்த கதவு போட்ட ஐஸ் அறை. அதில் இறைச்சியும் வெண்ணெயும். வெளியில் சட்டை முதுகோடு ஒட்டும். அந்த அறைக்குள் போனால் மூக்கின் நுனி மரத்துப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாறி மாறிப் போய் வந்து என் காலம் கழிகிறது. கப்பல் வந்தால் மாலுமிகள் சண்டை போடுவதும், கப்பல் போனால் கிட்டங்கி எலிகள் சண்டை போடுவதும்தான் கேட்கும்.

இந்த ஊரில் ஒரு புல் முளைக்காது. கறுத்த மலையும் மணலும் கடலும். நான் இங்கே புறப்பட்டபோது பெரியம்மை, அவன் ஏதேன் தோட்டத்துக்குப் போகிறான் என்று தெருவெல்லாம் சொன்னாள். உங்கள் அம்மா வந்து இறங்கி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இதுல தோட்டம் எங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். பச்சைக்காய் லாகெஜ் என்ற உள்நாட்டு ஊரிலிருந்து ஒட்டகத்தில் வரும். வெயிலில் வந்து சேரும்போது பாதி வாடியிருக்கும். அதுவும் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல்காரர்கள் பொறுக்கியது போக மிச்சம்தான் நமக்கு.

அதனால் டின்தான். கிட்டங்கியில் நெளிந்துபோன டின்களைக் கப்பல்காரன் வாங்கமாட்டான். வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். உப்பியிருந்தால் மட்டும் எடுக்கக்கூடாது. உப்பிய டின் விஷம். முதல் டின்னை உங்கள் அம்மா தேங்காய் வெட்டும் கத்தியால் வெட்டினாள். பட்டாணி சுவரெல்லாம் தெறித்தது. டேவிட் அதைப் பொறுக்கித் தின்றான்.

அந்த டின்னுக்குள் இருக்கிற தண்ணீரை அவள் அன்றைக்குக் கொட்டவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கஞ்சித் தண்ணீரைக் கீழே விடாத வீட்டில் பிறந்தவள். போதாததற்கு இங்கே தண்ணீர் ஒட்டக வண்டியில் விலைக்கு வருவது. டின் தண்ணீரையே ஊற்றிக் குழம்பு வைப்பாள். வேறு உப்புப் போட மாட்டாள். அதிலேயே உப்பு இருந்தது. அந்தக் குழம்பு நன்றாகத்தான் இருக்கும். கணக்கப்பிள்ளை ஒருநாள் நம் வீட்டில் சாப்பிட வந்தவர், அவள் "வெள்ளம் தீந்து போச்சு" என்று சொன்னதைக் கேட்டு, "மழையே பெய்யாத ஊரில் வெள்ளம் எப்போதம்மா வந்தது, நான் பார்க்கவில்லையே" என்றார். நம் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்போம் என்று நான் சொல்லவேண்டியிருந்தது. அவள் விடவில்லை. "உங்க மதுரையில வெள்ளம் வந்தா ஆத்துல வரும். எங்க ஊருல குடத்துல வரும்" என்றாள். அந்த வாய்தான் டேவிட்டுக்கு.

எஸ்தர் அப்போது தெருவில் தண்ணீர் வண்டிக்காரனோடு அரபியில் பேரம் பேசுவாள். எனக்கே அவ்வளவு அரபி வராது. இப்போது அதில் ஒரு வார்த்தையும் உங்கள் யாருக்கும் ஞாபகமில்லை என்று தாசன் மாமா சொன்னார். அரபியை மறந்ததில் எனக்கு வருத்தமில்லை. அதைப் பேசிய வீட்டையும் சேர்த்து மறந்துகொண்டு வருகிறீர்கள் என்பதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

3

பிறகு அம்மாவுக்குக் கால் வீங்கியது. முதலில் சாயங்காலத்தில் மட்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பிறகு காலையிலும் வீக்கம் இருந்தது. படுத்தால் மூச்சு வராது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கோவாக்காரர். பொறுமையானவர். அவருடைய இந்துஸ்தானியும் என்னுடைய இந்துஸ்தானியும் இரண்டு வேறு பாஷைகள். ஆகையால் கணக்கப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இங்கிலீஷில் கேட்டு எனக்குச் சொன்னார்.

டாக்டர் முதலில் கேட்டது, சிறு வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று. அம்மா ஆமாம் என்றாள். எஸ்தர், இதைப் பெரியம்மையிடம் இப்போதே கேள். அம்மா உன் வயதில் இருந்தபோது முழங்கால் வீங்கி நடக்க முடியாமல், பெரியம்மைதான் அவளை முதுகில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பெரியம்மைக்கு மறந்திராது.

அந்தக் காய்ச்சல் மூட்டை விட்டுப் போய்விட்டது. இருதயத்தை விட்டுப் போகவில்லை. இருதயத்துக்குள் கதவு போல ஒன்று உண்டாம். நம் வயலில் மடைக்குப் பலகை போடுவோமே, அதுபோல. ரத்தம் முன்னால் போனதும் அது அடைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அந்தப் பலகை கெட்டுப்போய்ச் சரியாக அடைக்கவில்லை. போன ரத்தம் திரும்பி வந்தது. தண்ணீர் உடம்பில் தேங்கியது. அதுதான் கால் வீக்கமும் மூச்சுமுட்டலும். அந்தப் பலகையை மாற்றிப் போட எந்த ஊரிலும் மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். காய்கறியால் வந்த நோயும் அல்ல, காய்கறியால் போகிற நோயும் அல்ல.

நான் அவரிடம் இரண்டு தடவை கேட்டேன், சாப்பாட்டில் குறையா என்று. இல்லை என்றார். ஆனால் ஒன்று சொன்னார். உப்பு ஆகாது. உப்பு உள்ளே போனால் தண்ணீரை உடம்பில் பிடித்து நிறுத்தும். வீக்கம் ஏறும், மூச்சு முட்டும். உப்பைக் குறைத்தால் நாளை நீட்டலாம். கருவாடு, ஊறுகாய், டின் சாமான் எல்லாவற்றையும் தள்ளச் சொன்னார்.

டின்னைத் தள்ளினால் காய்க்கு எங்கே போவது என்று நான் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார், டின்னுக்குள் இருக்கிற தண்ணீர் உப்புத் தண்ணீர். அதைக் கடைசித் துளி வரைக்கும் கொட்டிவிட்டு, காயை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவிக் கொடு. கொஞ்சம் சத்து போகும், போனால் போகட்டும். அந்த உப்பு உள்ளே போகக்கூடாது.

வெளியே வந்ததும் அம்மா என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"பிள்ளையளுக்கு ஒண்ணும் சொல்லாண்டாம்."

"எஸ்தருக்கு மட்டுமாவது."

"வேண்டாம். அது என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கும். ராத்திரி உறங்காது."

அப்படித்தான் ஆயிற்று. எஸ்தருக்குக் காரணம் தெரியாது, கட்டளை மட்டும் தெரியும். "டின்னு வெள்ளத்த முழுசா கொட்டு மக்கா, ரெண்டு தடவை கழுவு. நான் கேட்டாலும் தராத" என்று அம்மாவே சொன்னாள். நான் வேலைக்குப் போன பிறகு அடுப்பு முழுவதும் எஸ்தர் கையில்தானே இருந்தது. டேவிட்டையும் தங்கத்தையும் பார்த்துக்கொண்டு, விலைக்கு வாங்கிய தண்ணீரில் பட்டாணியைக் கழுவினாள். பாதித் தெரு அவளைக் கிறுக்கி என்றது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் வெந்த பட்டாணியைக் கழுவுகிறவளைப் பிறகு என்ன சொல்லும்.

உப்பில்லாமல் சாப்பிடுவது என்றால் என்ன என்று நீங்கள் ஒருநாள் சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும். உங்கள் அம்மா மண்டைக்காட்டுக் கடற்கரைக் காற்றில் வளர்ந்தவள். உப்பும் புளியும் எரிவும்தான் அவளுக்குச் சாப்பாடு. கழுவிய பட்டாணி சுண்ணாம்பு மென்றதுபோல இருக்கும். அதைத் தட்டில் வைத்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்களும் உப்பில்லாமல் சாப்பிடுகிறோம் என்றேன். விடமாட்டாள். "எனக்காக நீங்க எதுக்கு நாக்க தொலைக்கணும்" என்பாள்.

4

ஐஸ் பட்டாணியை நான் முதலில் பார்த்தது ஓர் அமெரிக்கக் கப்பலில். சாமான் ஏற்றப் போனேன். சமையல் அறைக்காரன் ஒரு காகிதப் பெட்டியைக் கிழித்து, கூழாங்கல் கொட்டுவதுபோலப் பச்சைப் பட்டாணியைப் பாத்திரத்தில் கொட்டினான். தொட்டுப் பார்த்தேன். கல். குளிர் நெருப்புப் போலச் சுட்டது. நிறம் மட்டும் இப்போதுதான் பறித்ததுபோல இருந்தது. டின் பட்டாணி பாசி பிடித்த நிறம். இது நாற்றங்கால் நிறம். உப்புப் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, பறித்த அன்றைக்கே வெந்நீரில் முக்கி எடுத்து அப்படியே உறையவைத்துவிடுகிறார்கள், புதிதாக வந்த சங்கதி என்றான்.

உப்பில்லை என்ற ஒரு வார்த்தைக்காக நான் அவன் பின்னாலேயே சுற்றினேன். எனக்குப் பாதி இங்கிலீஷ், அவனுக்குப் பாதிக் காது. பெண்சாதிக்குச் சுகமில்லை என்பதை மட்டும் நெஞ்சைத் தொட்டுக் காட்டிப் புரியவைத்தேன். அவன் ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தான். மரத்தூளில் புதைத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

துறைமுக வாசலில் குமாஸ்தா நிறுத்தினார். சாக்கை அவிழ்க்கச் சொன்னார்.

"என்ன இது?"

"பட்டாணி."

"பட்டாணி இப்படியா இருக்கும்? காய்கறியானால் சுகாதார ஆபீஸில் சீட்டு வேண்டும். ஐஸானால் ஐஸ் கம்பெனி சீட்டு வேண்டும். கப்பல் சாமானானால் வெளியே கொண்டுபோகக் கூடாது. இது எது?"

மூன்றும்தான் என்றேன். அப்படி ஒரு பத்தி அவருடைய புஸ்தகத்தில் இல்லை. பெரிய குமாஸ்தாவிடம் கேட்கப் போனார். பெரிய குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார். நான் சாக்கைத் திரும்பச் சுற்ற, பியூன் ஒருவன் வந்து அவிழ்த்துப் பார்க்க, அவன் கூட்டி வந்த இன்னொருவன் அவிழ்த்துப் பார்க்க, மரத்தூளெல்லாம் ஈரமாகிக் கீழே விழுந்தது. கடைசியில் பெரிய குமாஸ்தா வந்து பார்த்தபோது அது ஐஸாகவும் இல்லை, கப்பல் சாமான் போலவும் இல்லை. ஈரத் துணியில் கட்டிய வெறும் பட்டாணி. போ என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். இளகிப்போனதை வைத்திருக்கக் கூடாது என்று கப்பல்காரன் சொல்லியிருந்தான். அம்மா அதைத் தேங்காய் போட்டுத் துவரன் வைக்கச் சொல்லி, எஸ்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"இதுல ருசி இருக்கு" என்றாள். "உப்பு இல்ல. எண்ணாலும் காய் காயா இருக்கு."

நீங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு ஆளுக்கு ஒரு பட்டாணி கொடுத்தாள். தங்கம் அதைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போயிற்று.

பிறகும் சில தடவை கிடைத்தது. வாசலில் சீட்டு எழுதவும் பழகிக்கொண்டேன். ஆனால் எல்லாக் கப்பலிலும் அது வராது. வருகிற கப்பல் எப்போது வரும் என்றும் தெரியாது. பகலெல்லாம் மலையுச்சிக் கொடிமரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், என்ன கப்பலுக்குக் கொடி ஏறுகிறது என்று. வேறு கப்பல்களே வந்துகொண்டிருந்த மாதங்களில் எஸ்தர் கழுவிய டின் பட்டாணிதான் அம்மாவைத் தாங்கியது.

ஒருநாள் டாக்டரிடமே கேட்டேன், இரண்டில் எதில் சத்து அதிகம் என்று. அவர் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். டீச்சரிடம் காட்டினாலும் குற்றமில்லை.

காய்க்குள் பல விதமான சத்து இருக்கிறது. அதில் ஒன்று சூட்டுக்கும் தண்ணீருக்கும் பயந்தது. நாள்பட்ட கடல் பிரயாணத்தில் பச்சைக்காய் கிடைக்காத மாலுமிகளுக்குப் பல் ஈறில் ரத்தம் வருவது அந்த ஜீவசத்துக் குறைந்துதான். டின்னை அடைத்த பிறகு நெடுநேரம் வேகவைக்கிறார்கள். அதில் அந்தச் சத்துக் கொஞ்சம் அழியும், கொஞ்சம் தண்ணீரில் இறங்கும். ஐஸ் பட்டாணி சற்று நேரம்தான் வெந்நீரைப் பார்க்கிறது, அதனால் அதில் அது அதிகமாகத் தங்கும். ஆனால் இளகவைத்துப் போட்டுவிட்டால் அதுவும் கெடும். டின் அப்படியல்ல, ஒரு வருஷம் கழித்துத் திறந்தாலும் மிஞ்சியது மிஞ்சியிருக்கும். ஒட்டகத்தின் முதுகில் வெயில் காய்ந்து வருகிற பச்சைக்காயும் வழியெல்லாம் சத்தை இறைத்துக்கொண்டுதான் வருகிறது. பச்சை என்பதற்காக அது உசத்தி என்று நினைக்க வேண்டாம். வயிற்றை நிறைக்கிற சத்தும் உடம்பை வளர்க்கிற சத்தும் டின்னிலும் ஐஸிலும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆகையால் எஸ்தர், டீச்சர் சொன்னது சரி. காய் வெந்த தண்ணீரில் சத்து உண்டு. சுகமுள்ளவர்கள் அதைக் கொட்டக்கூடாது. டீச்சர் சொன்னது உங்கள் மூன்று பேருக்கும் பொருந்தும். அம்மாவுக்கு மட்டும் பொருந்தாது. டீச்சருக்கு உங்கள் அம்மாவைத் தெரியாது.

5

அம்மா போன பிறகு உங்களை ஊருக்கு அனுப்ப ஆபீஸ் ஆபீஸாக நடந்தேன். திருவிதாங்கூர் எந்த ஜில்லாவில் இருக்கிறது என்று கேட்டார்கள். அது தனி ராஜ்யம் என்றேன். அப்படியானால் வேறு மேஜைக்குப் போ என்றார்கள். அம்மை குத்திய தழும்பைப் பார்க்க வேண்டுமென்று தங்கத்தின் சட்டையைக் கழற்றினார்கள். அது பயந்து எஸ்தரைக் கட்டிக்கொண்டது, என்னையல்ல. கப்பலில் உங்களோடு வந்த மலையாளத்து அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு நான் படகில் திரும்பி வந்தேன். எஸ்தர் அழவில்லை. இரண்டு சின்னதுகளின் கையையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கம்பியருகில் நின்றாள். கைகாட்டக் கூட ஒரு கை மீதியில்லை. எவ்வளவு தைரியமான பிள்ளை என்று நினைத்தேன். அம்மா கேட்டும் கொடுக்காத தண்ணீரை அப்போதே உள்ளே சுமந்துகொண்டு நின்றாய் என்பது இப்போதுதான் தெரிகிறது.

நீ டின் தண்ணீரைக் கொட்டிய நாளைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

அன்று நான் வேலை முடிந்து வந்தபோது நீ வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். முகத்தில் என்னவோ ஒரு குறும்பு. வெகுநாளாகக் காணாதது.

"இண்ணைக்கு உங்க மகளுக்க கிட்ட நான் தோத்தேன்" என்றாள்.

"என்னத்துல?"

"நாக்கு செத்துக் கெடக்கு. உப்பு நெனப்பு நெஞ்ச அடைக்குது. அந்த டின்னு வெள்ளம் ஒரு வாய் தா மக்காண்ணு கேட்டேன். தரல்ல. ரெண்டாந் தடவை கெஞ்சினேன். கண்ணெல்லாம் நெறஞ்சுபோச்சு, எண்ணாலும் தரல்ல. நான் எழும்பி எடுத்திருவேனோண்ணு வெளிய கொண்டுபோயி மண்ணுல கொட்டி, டின்னையும் கவுத்திப் போட்டுட்டு வாறா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று, முதுகைத் தடவிக்கொடுத்தேன். மூச்சு வந்ததும் மறுபடியும் அதையே பேசினாள்.

"நீங்களா இருந்தா தந்திருப்பீங்க."

"நான் தரமாட்டேன்."

"தருவீங்க. நான் ரெண்டு தடவை கேட்டா உங்களுக்கு மறுக்கத் தெரியாது. கல்யாணம் கழிஞ்ச நாளுலேருந்து பாக்கேன். அவளுக்குத் தெரியும். அழுதுக்கிட்டே மறுக்கத் தெரியும். நான் இல்லாட்டாலும் சின்னதுக ரெண்டும் அவ கையில பிழைச்சுக்கிடும். எனக்கு அது போதும்."

அன்று அவள் வெகுநேரம் தூங்கினாள். படுத்துத் தூங்கவில்லை, சாய்ந்துதான். ஆனால் தூங்கினாள். அதன் பிறகு இருந்த நாட்கள் கொஞ்சம்தான். அந்த நாட்களில் மூச்சு இவ்வளவாவது ஓடுகிறதே, காரணம் உப்பை இப்படிக் கட்டுப்படுத்தியதுதான் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். யார் கட்டுப்படுத்தியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் பெயரைச் சொல்லியிருப்பேன்.

எஸ்தர், அம்மா உன்னிடம் கேட்டது சத்து அல்ல. உப்பு. நீ மண்ணில் கொட்டியது அவள் உயிரை அல்ல. அவள் மூச்சை அடைக்க வந்ததை. இதை நான் உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையே போதுமாக இருக்கும்போது பொய் எதற்கு. நடந்தது இதுதான். அவளுக்கு எப்படியும் நாள் நெருங்கியிருந்தது. அதைத் தடுக்க உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது, அமெரிக்கக் கப்பலாலும் முடியாது. கடைசி நாட்கள் சிலவற்றை அவள் மூச்சுவிட்டு, உங்களைப் பார்த்து, சிரித்துக் கழித்தாள். அந்த நாட்களை அவளுக்குக் கொடுத்தது நீ.

இனித் தம்பியையும் தங்கச்சியையும் அடிக்காதே. காய் வெந்த தண்ணீரை ரசத்தில் ஊற்றச் சொல்லிப் பெரியம்மையிடம் கேட்டுக்கொள், அவர்களுக்கே தெரியாமல் உள்ளே போய்விடும். டேவிட், அக்கா சாப்பிட உட்காரும்போது நீ பேச்சை நிறுத்து. தங்கம், தாசன் மாமா உன் அப்பா அல்ல. அப்பா உயரமானவன், முன்பல் ஒன்று உடைந்தவன். வந்து நின்றால் உனக்குத் தெரியும்.

இதை வாசித்து முடித்ததும் மூன்று பேரும் கையைக் கழுவிக்கொண்டு உட்காருங்கள். பெரியம்மை இன்று என்ன கறி வைத்திருந்தாலும் முதல் கரண்டி எஸ்தரின் இலையில் விழட்டும். உப்புக் குறைவாக இருந்தால் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள், மக்கா. உனக்கு யாரும் உப்பை விலக்கவில்லை.